ஹாஜறா மாமி ஆக்கிய கார்த்திகை மீன்

நிந்தவூரில் ஹாஜறாவின் வீட்டைக் கண்டுபிடிக்க யாரும் அலைய வேண்டியதில்லை. கடற்கரை வீதியில் யாரை நிறுத்தி "ஆராய்ச்சிப் பிள்ளைகள் இருக்கிற வீடு எது?" என்று கேட்டாலும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். காட்டுகிறவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பும் இருக்கும். அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஹாஜறாவுக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். அஸ்கியும் அஸ்பாக்கும் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுவான். பெண் தன் வீட்டிலேயே இருப்பாள். ஹாஜறாவுக்கு ஒரு பெண் பிள்ளை இருந்திருந்தால் இந்த வீட்டை அவள் பேருக்கு எழுதிவிட்டு இவள் பின்னறையில் ஒதுங்கியிருப்பாள். அப்படி ஒருத்தி இல்லாததால் மூன்று அறைகள் சும்மா கிடந்தன. வீட்டு வாசலில் நின்றால் ஒலுவில் கம்பஸுக்கும் பஸ் உண்டு, சம்மாந்துறையில் இருக்கிற விஞ்ஞான பீடத்துக்கும் பஸ் உண்டு. பதினொரு வருடத்துக்கு முன்னே மேற்படிப்புப் படிக்கிற பெண் பிள்ளைகளுக்கு அறை கொடுக்கத் தொடங்கினாள்.

புதிதாக வருகிறவளுக்கு முதலில் பால் விடாத ஒரு பிளேன்ரீ. கோப்பை பாதியானதும் ஹாஜறா ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "நீங்க என்னத்தத் தேடுறீங்க புள்ள?"

ஊர் பேர், வாப்பா என்ன செய்கிறார் என்பதெல்லாம் பிறகுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் ஹாஜறா. படித்தவர்கள் என்றால் எல்லாரும் ஒரே புத்தகத்தைத்தான் மேலே மேலே வாசித்துக்கொண்டு போவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தாள். இந்தக் கேள்விக்கு வந்த பதில்கள் அவளை வாயைப் பிளக்க வைத்தன.

ஒருத்தி ஒலுவில் கடற்கரையை அளந்தாள். கிழமைக்கு ஒருநாள் அதே கல்லில் நாடாவைப் பிடித்துக் கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று எழுதுவாள். சோற்றுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, சொந்தக்காரர் வீட்டுச் சேதி சொல்வதுபோல, "இந்தக் கிழமை ரெண்டடி மாமி" என்பாள். இன்னொருத்தி போத்தலில் நுளம்பு வளர்த்தாள். கடிக்க வந்தால் நாங்கள் அடித்துக் கொல்வதை அவள் நேரம் பார்த்துத் தீனி போட்டு வளர்த்தாள், ஒன்று செத்தால் முகம் வாடிவிடும். மற்றொருத்தி கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு ஹாஜறா கோழியைத் திட்டும்போதெல்லாம் பின்னால் ஓடினாள். இந்தக் கரையில் பெண்கள் ஏசும்போது சொற்கள் எப்படி நீளுகின்றன என்பதுதான் அவள் பாடமாம். ஹாஜறா அதற்குப் பிறகு ஒரு மாதம் கோழியைக்கூட மரியாதையாகத்தான் கூப்பிட்டாள்.

எல்லாவற்றையும் விட அவளை உலுக்கியது கணிதம் படித்த றஸ்னா. எட்டு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு வெள்ளைப் பலகையில் எழுதினாள், அழித்தாள், எழுதினாள். ஒருநாள் ஹாஜறா பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"இது என்னத்துக்கு உதவும் புள்ள?"

"எனக்கும் தெரியா மாமி. ஒண்டுக்கும் உதவாமலும் போகலாம். ஆனா இது உண்மை. நான் பிறக்க முந்தியும் உண்மைதான், மௌத்தானாப் புறகும் உண்மைதான்."

அன்றைக்கு ஹாஜறா சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். ஒரு உண்மைக்காக, அதனால் ஐந்து சதத்துக்கு உதவியில்லை என்று தெரிந்தும், ஒரு பிள்ளை எட்டு மாதம் தன்னை அறைக்குள் அடைத்துக்கொள்ளுமா? பக்கத்து வீட்டுச் சுபைறா இதைக் கேட்டுவிட்டு, "இதுக்கெல்லாமா பெத்தவங்க படிக்க வெச்சாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஹாஜறாவால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. அல்லாஹ் படைத்ததில் ஒரு தூசியைக்கூட யாரோ ஒரு பிள்ளை பார்க்காமல் விடவில்லை, அந்தப் பிள்ளைகளில் கொஞ்சப் பேர் தன் கையால் சோறு தின்கிறார்கள் என்று நினைக்க அவளுக்கு மயிர்க்கூச்செறியும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வீட்டில் அவள்தான் எல்லாரையும் விடப் பெரிய மாணவி.

போன வருடம் மூன்று பேர் இருந்தார்கள். அனுராதபுரப் பக்கத்திலிருந்து வந்த அம்ஹா வயல்மேட்டில் புதைந்து கிடந்த பழைய சட்டி ஓடுகளைக் கிண்டிக்கொண்டிருந்தாள். புத்தளத்து ஹிமாயா அறபு எழுத்தில் தமிழை எழுதிய பழைய கொப்பிகளை வாசித்தாள். செல்லரித்த தாளை இடுக்கியால் புரட்டி, பூதக்கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்ப்பாள். மூன்றாவது விதுஷா. வினாயகபுரத்து மீன்பிடிக் குடும்பம். அவள் தேடியது கீரி என்கிற சின்ன மீனின் வயதை.

மூவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். ஒருத்தி வேலை மற்றவளுக்கு விளங்காது. "ஓட்டுக்காரி", "கொப்பிக்காரி", "மீன்காரி" என்று பட்டப்பேர் வைத்துப் பகிடி பண்ணிக்கொண்டு இருந்தார்கள்.

விதுஷாவின் மீன்கள் ஹாஜறாவின் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருந்தன. மேல்தட்டு வீட்டுக்கு, கீழ்த்தட்டு ஆராய்ச்சிக்கு. மாதம் ஒரு பை, பைக்கு நாற்பது மீன். பன்னிரண்டு மாதமும் விடாமல் இருந்தால்தான் வேலை நிறையும். கார்த்திகைப் பை மட்டும் லேசில் கிடைத்ததல்ல. கடல் கொந்தளித்து ஒரு தோணியும் இறங்காத நாட்கள் அவை. மகளின் படிப்புக்காக விதுஷாவின் அப்பா ஒரு விடியலில் தனியாகத் தோணியைத் தள்ளிக்கொண்டு போய், திரும்பிவரும்போது ஒரு துடுப்பையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். விதுஷா அந்தப் பையைக் கொண்டுவந்து கொடுத்தபோது ஹாஜறா இரண்டு கையாலும் வாங்கினாள். "இது அமானிதம் புள்ள, நம்பித் தந்தத நான் பாத்துக்கிறன்" என்றாள்.

தை மாதம் ஹாஜறா குளிர்சாதனப் பெட்டியைக் கழுவினாள். கழுவுவதற்காக எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். பனி பிடித்துக் கிழிந்த வெளிப்பைகளை உதறி எறிந்துவிட்டு, சுத்தமான பைகளில் போட்டு, திரும்ப அடுக்கினாள். எறிந்த வெளிப்பைகளில் ஒன்றில்தான் விதுஷாவின் எழுத்து இருந்தது. கார்த்திகைப் பை, வீட்டு மீன் என்று, மேல்தட்டுக்கு ஏறியது அப்படித்தான்.

இரண்டு நாளில் அஸ்பாக்கின் மாமியார் வீட்டார் ஆறு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். சம்பந்தி வீட்டாருக்கு வெறும் பருப்பும் முட்டையும் வைத்தால் அந்தக் கதை அக்கரைப்பற்று வரைக்கும் போகும். கடல் இன்னும் அடங்கவில்லை, சந்தையில் மீன் இல்லை. ஹாஜறா மேல்தட்டைத் திறந்தாள். விரல் நீளக் கீரி, நாற்பது. பாதியைப் பொரித்தாள், பாதியைத் தேங்காய்ப்பால் விட்டு ஆணம் ஆக்கினாள். சம்பந்திக்காரி மூன்று தரம் ஆணம் ஊற்றிக்கொண்டாள். பின்னேரம் சம்மாந்துறையிலிருந்து வந்த விதுஷாவும் இரண்டு பொரியல் தின்றுவிட்டு, "கீரி நல்ல ருசி மாமி" என்றாள்.

நாலு நாள் கழித்து அவள் கீழ்த்தட்டைத் திறந்தாள். ஒவ்வொரு பையாக எடுத்து நிலத்தில் வைத்தாள், திரும்ப எண்ணினாள். பிறகு மேல்தட்டைத் திறந்து பார்த்தாள்.

"மாமி," என்றாள். "அண்டைக்கு ஆக்கின கீரி எங்கால எடுத்தீங்க?"

ஹாஜறாவுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. கையிலிருந்த அகப்பை விழுந்தது. விதுஷா கத்தவில்லை, ஏசவில்லை. குசினி நிலத்தில் அப்படியே குந்திவிட்டாள். "அப்பா உசிரக் குடுத்துப் புடிச்ச மீன்," என்று மட்டும் சொன்னாள்.

ஹாஜறாவின் புருஷன் கச்சிமுகம்மது நல்ல மனுஷன். ஆனால் எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று அறியாத மனுஷன். வயலுக்குப் போய்விட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டே, "நாப்பது கீரிதானே, கடல் அடங்கினா ரெண்டு கிலோ வாங்கிக் குடுப்பம்" என்றார்.

"வாயப் பொத்திக்கிட்டு இரிங்க," என்றாள் ஹாஜறா. "கார்த்திகை மாசம் சந்தையில விக்கிதா?"

அடுத்த கார்த்திகைக்கு இன்னும் பத்து மாதம். பங்குனியோடு விதுஷாவின் படிப்புக் காலம் முடிகிறது. ஒரு மாதத்துக்கு இருபத்தைந்து மீனாவது இல்லாவிட்டால் அந்த மாதம் செல்லாது, ஒரு மாதம் செல்லாவிட்டால் வருடமே செல்லாது என்று அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற ஜீவராஜ் சேர் முதலே சொல்லியிருந்தார். ஹாஜறா அழுதாள். பதினொரு வருடமாகத் தேடுகிறவர்களுக்குச் சோறு போட்ட கை, ஒருத்தி தேடினதையே எடுத்துச் சம்பந்திக்காரிக்குப் பொரித்துக் கொடுத்துவிட்டதே!

விதுஷா திடீரென்று தலையை நிமிர்த்தினாள். "மாமி, தலையெல்லாம் என்ன செஞ்சீங்க?"

"தலையா? வெட்டித் தேசிமரத்தடி மண்ணுக்குள்ள தாட்டன். எப்பவும் அங்கதான்."

"எனக்குத் தலைதான் வேணும்!"

அப்போதுதான் அவள் அந்த விசயத்தை விளங்கப்படுத்தினாள். மீனின் காதுக்குள்ளே கல் இருக்கிறதாம், பக்கத்துக்கு ஒன்று. அரிசிக் குறுணலிலும் சிறிது. மீன் இளசாக இருக்கும்போது நாளுக்கு ஒரு வளையம் அந்தக் கல்லில் விழுமாம். வளையத்தை எண்ணினால் பிறந்த நாளைச் சொல்லிவிடலாம். உடம்பை யார் தின்றால் என்ன, கல் மண்ணுக்குள் கெடாமல் கிடக்கும். ஹாஜறா தன் கைகளைப் பார்த்தாள். நாற்பது வருடமாக மீன் வெட்டுகிறாள். எத்தனை லட்சம் நாட்களை வெட்டி மரத்தடியில் புதைத்திருக்கிறாள்!

விதுஷா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அம்ஹா குறுக்கே வந்து காம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதே. கயிறு கட்டாம மண்ணுல கை வைக்கப்படாது."

"மழை வருது அம்ஹா! இது மீன் தலை, உன்ட ராசா காலத்துச் சட்டி இல்ல!"

"மண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான்," என்றாள் அம்ஹா.

அவள் பிடித்த பிடியை விடவில்லை. நாலு தடி ஊன்றி, நூல் கட்டி, அந்த எலுமிச்சை மரத்தடியைச் சதுரமாக்கினாள். நாலு விரல் ஆழத்துக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு பேசன். ஒரு தட்டு மண் முடியாமல் அடுத்ததைத் தொடவிடவில்லை. மண் என்ன நிறம், என்ன கிடந்தது என்று ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினாள். விதுஷா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நெல் மூடுகிற படங்கைக் கொண்டுவந்து கச்சிமுகம்மது மேலே கட்டினார். ஹாஜறா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மா அரிக்கிற அரிதட்டில் தண்ணீர் விட்டு விட்டு மண்ணை அலசினாள். நாலு நாள் பழசான மீன் தலையின் நாற்றத்தை நான் வர்ணிக்கத் தேவையில்லை. சுபைறா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் யன்னலைச் சாத்தினாள்.

அரிதட்டில் தங்கியது ஹிமாயாவின் கைக்குப் போனது. இருநூறு வருடத்துக் கொப்பியில் ஒரு புள்ளி அறபுப் புள்ளியா, பூச்சி அரித்த ஓட்டையா என்று பிரித்துப் பழகிய கண் அது. மணலிலிருந்து கல்லை அவள் இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கினாள். ஓட்டுக்காரி தோண்ட, கொப்பிக்காரி பொறுக்க, மீன்காரி எண்ண, ஹாஜறா ஈரக் கையோடு நடுவில் நின்று பார்த்தாள். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அவள் நினைத்திருந்த மூன்று படிப்பும் அவளுடைய தேசிமரத்தடியில் குந்திக்கொண்டிருந்தன. "ஸுப்ஹானல்லாஹ்," என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

இரண்டு நாளில் எழுபது கல் சேர்ந்தது. முப்பத்தைந்து மீன். விதுஷா ஹாஜறாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினாள்.

ஆனால் ஜீவராஜ் சேர் அவ்வளவு இலகுவில் மசியவில்லை. மண்ணிலிருந்து பொறுக்கின கல்லைக் கார்த்திகைக் கல் என்று எந்த நம்பிக்கையில் எடுப்பது? மீனை ஆக்கியவரே வந்து சொல்ல வேண்டும் என்றார். ஹாஜறா பெருநாள் அபாயாவை எடுத்து உடுத்திக்கொண்டு, விதுஷாவோடும் அம்ஹாவோடும் பஸ் ஏறிச் சம்மாந்துறை விஞ்ஞான பீடத்துக்குப் போனாள். இத்தனை வருடம் பிள்ளைகளை அனுப்பினாளே தவிர, அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

சேர் வரும்வரை விதுஷா நுணுக்குக்காட்டியில் ஒரு கல்லை வைத்து, "பாருங்க மாமி" என்றாள்.

ஹாஜறா குனிந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. வளையத்துக்குள் வளையம், அதற்குள் வளையம், எண்ணி முடியாத மெல்லிய கோடுகள். ஒரு இடத்தில் அகலமாக, ஒரு இடத்தில் நெருங்கி நெருங்கி. நெருங்கின இடத்தில் மீனுக்குத் தீனி குறைவு என்றாள் விதுஷா. ஹாஜறா கண்ணை எடுக்கவில்லை. தன் ஆணத்துக்குள் கொதித்த ஒரு விரல் நீள மீன், தான் வயிறு நிறைந்த நாளையும் பட்டினி கிடந்த நாளையும் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறது. யாரும் வாசிப்பார்கள் என்று தெரியாமலே எழுதியிருக்கிறது. அவளுக்குக் கண்ணீர் வந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

ஜீவராஜ் சேர் வந்து உட்காரக் கதிரையைக் காட்டினார். மரியாதையான மனுஷன். நடந்ததை முழுக்கக் கேட்டார், சிரிக்கவில்லை. கடைசியில் ஒரே கேள்வி.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த மரத்தடியில இந்த மழைக்காலத்துல வேற கீரித் தலை ஏதும் தாட்டிருக்கீங்களா?"

ஹாஜறா யோசித்தாள். ஞாபகம் வந்தது. மார்கழிக் கடைசியில், பெருமழைக்கு முதல் நாள், கச்சிமுகம்மது சந்தையில் கொஞ்சம் கீரி வாங்கிவந்தார். தலைகள் அதே மரத்தடிக்குத்தான் போயின.

விதுஷா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இல்லை" என்று ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொன்னால் பிள்ளையின் வருடம் மிஞ்சும், அவள் அப்பாவின் துடுப்புக்கும் ஒரு அர்த்தம் இருக்கும். ஹாஜறாவைத் தவிர உலகத்தில் யாருக்கும் அந்த மார்கழித் தலைகளைத் தெரியாது. கச்சிமுகம்மதுக்கு நேற்றுத் தின்றதே ஞாபகம் இருக்காது.

"இரிக்கி சேர்," என்றாள் ஹாஜறா. "மார்கழியிலயும் கொஞ்சம் தாட்டன். எத்தின எண்டு சொல்லத் தெரியா. மகள், என்ன மன்னிச்சிக்க."

விதுஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சேர் பேனையைக் கீழே வைத்தார்.

"மாமி," என்றாள் அம்ஹா மெதுவாக. "தலை தாட்டாப் புறகு மேல ஏதும் போடுவீங்களா?"

"அடுப்புச் சாம்பல். இல்லாட்டிப் பூனை கிண்டும்."

அம்ஹா தன் கொப்பியை எடுத்துப் பக்கம் புரட்டிச் சேருக்கு முன்னால் வைத்தாள். மேலிருந்து முதலாம் தட்டு: சாம்பல், அதன்கீழ் தலைகள். இரண்டாம் தட்டு: தலைகள். மூன்றாம் தட்டு: மழையில் இறுகிய மண், அதற்குக் கீழே இன்னொரு சாம்பல் கோடு. நாலாம் தட்டு: மறுபடியும் கற்கள். ஒவ்வொரு தட்டுக் கல்லும் தனித்தனிப் போத்தலில் இருந்தது. விதுஷா பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு நாளும் அம்ஹா ஒரு கல்லைக்கூட இடம் மாற்றிப் போடவில்லை.

சேர் கொப்பியை நெடுநேரம் வாசித்தார். மேலே உள்ள போத்தல்களை ஒரு பக்கமும் கீழே உள்ளதை மறுபக்கமும் நகர்த்தினார். எண்ணினார்.

"மேல் தட்டுகளில, இப்ப தையில தாட்ட கார்த்திகை மீன் இருபத்தொன்பது. அது போதும். கீழ்த்தட்டு ஆறு மார்கழியில தாட்டது, அதை விடுங்க." பிறகு ஹாஜறாவைப் பார்த்தார். "நீங்க இல்லை எண்டு சொல்லியிருந்தா நான் முப்பத்தஞ்சையும் எடுத்திருப்பன் அம்மா. ஆறு பொய் உள்ளுக்க வந்திருக்கும். ஒருத்தரும் கண்டுபிடிச்சிருக்கவும் மாட்டாங்க."

விதுஷா மேசையில் தலையை வைத்து விம்மினாள். அம்ஹா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "இனி ஓட்டுக்காரி எண்டு சொல்லுவியா?" என்றாள்.

சேர் ஒரு தாளை எழுதி நீட்டினார். மீன் எப்படி ஆக்கப்பட்டது, தலைகள் எங்கே புதைக்கப்பட்டன என்று அதில் இருந்தது. இது விதுஷாவின் ஆராய்ச்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் சேரும், நூலகத்தில் இருக்கும், யாரும் எடுத்து வாசிக்கலாம் என்றார். ஊரில் நாலு பேர் சிரிக்கவும் கூடும். அறை தேடி வருகிற பிள்ளைகள் யோசிக்கவும் கூடும். வேண்டாமென்றால் பேரை விட்டுவிட்டு "வீட்டுக்காரர் ஒருவர்" என்று போடலாம்.

ஹாஜறா பேனையை வாங்கினாள்.

"பேரப் போடுங்க சேர். அந்த மீனே ஒரு நாளையும் மறைக்கல்ல. ஆக்கினவள் நான் என்னத்துக்குப் பேர மறைக்கிற?"

தாளின் அடியில் தன் முழுப் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். எழுதிவிட்டு, சேரிடம் இன்னொரு தடவை அந்தக் கல்லைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.